பச்சைப் புத்தகத்தில் இல்லாத ஜோடி

எங்கள் வீட்டில் பொய் சொல்லும் வழக்கம் கிடையாது. ஆதாரம் அச்சிலேயே இருக்கிறது. பச்சை அட்டை போட்ட புத்தகம், பதினோரு பதிப்பு கண்டது. ஆங்கிலம் படிக்கிறவர்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டுவிடும் சொற்களை ஜோடி ஜோடியாக நிறுத்தி, எது எங்கே வரும் என்று காட்டுகிற புத்தகம். எழுதியவர் என் அப்பா. பதினோரு பதிப்புக்கும் மெய்ப்புப் பார்த்தவன் நான்.

அப்பா மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பித்தவர். வந்தவர்கள் நர்ஸுகள், லாரி ஓட்டுநர்கள், கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர்கள், கடைச் சிப்பந்திகள். பகலெல்லாம் நின்று உழைத்துவிட்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ‘பாரோ’வுக்கும் ‘லெண்ட்’டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். யார் எந்த ஜோடியில் தடுக்கி விழுந்தாலும் அப்பா ஒரு கெட்டி அட்டையில் குறித்துக்கொள்வார். மேலே இரண்டு சொற்கள். கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். வலது மூலையில் ஒரு தேதி.

அந்தத் தேதி எங்கள் குடும்பத்து ரகசியம்; அது அச்சில் வராது. அப்பாவின் விதி ஒன்றே ஒன்றுதான்: நடக்காததை எழுதாதே. மற்ற புத்தகங்களில் எவனோ ஒருவன் எப்போதும் ஆப்பிள் தின்றுகொண்டே இருப்பான். எழுதியவர் அவனையும் பார்த்திருக்க மாட்டார், ஆப்பிளையும் பார்த்திருக்க மாட்டார். எங்கள் புத்தகத்தில் ஒரு வாளி கவிழ்ந்தது என்றால் கவிழ்ந்திருக்கிறது. எந்த நாளில் கவிழ்ந்தது என்று அட்டையில் தேதி இருக்கும்.

போன மாதம் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டே, “சார், ‘பிஸைட்’, ‘பிஸைட்ஸ்’ நான் இப்பவும் மாத்த மாட்டேன். பச்சை புக்ல படிச்சது, சாகுற வரைக்கும் மறக்காது” என்று அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒப்பித்தாள். நான் யார் மகன் என்று சொன்னேன். அழுத்தம் பத்துப் புள்ளி கூடுதலாகக் காட்டியது. பெருமையால் ஏறுவதற்கு மாத்திரை கிடையாது.

புத்தகத்தின் மேல் ஒரே ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் தொடங்குகிற எவரும் முதலில் குழம்புவது ‘சே’, ‘டெல்’ என்ற இரண்டில். பொதுவாகச் சொல்வதும், ஒருவரிடம் சொல்வதும். அந்த ஜோடி எங்கள் புத்தகத்தில் இல்லை. ஆண்டுதோறும் யாராவது கடிதம் எழுதிக் கேட்பார்கள். அப்பாவிடம் கேட்டால், “அதுக்கு இன்னும் உண்மையான வாக்கியம் கிடைக்கலப்பா” என்பார். இவ்வளவு பெரிய உலகத்தில் சொல்வதற்கு ஒரு வாக்கியமா கிடைக்காது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அப்பாவை எதிர்த்துப் பேசும் வழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது.

எனக்கு ஒரு தங்கை. முப்பத்துநாலு ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் வகுப்பில் படித்த கிரேன் ஓட்டுநர் ஒருவரோடு போய்விட்டாள். மறுநாள் காலை, தட்டில் கை வைக்கும் முன் அப்பா சொன்னார்: “இந்த வீட்டுல இனிமே அவ பேச்சு வேண்டாம்.” அவ்வளவுதான். அடுத்த வார்த்தை இல்லை.

அந்தச் சொல்லை நான் எடுத்துக்கொண்டேன். தலைமகன் எடுக்காமல் வேறு யார் எடுப்பார்? அவளிடமிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அம்மா அப்போதே இல்லை. தடுக்க ஆளும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்த அன்று அவள் வெளிக் கதவு வரை வந்தாள். நான் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “அப்பா சொல்லிட்டுப் போன வார்த்தை. நான் மீற முடியாது” என்றேன். அவள் “அண்ணா, அப்பா…” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொண்டாள். எதிர்ப்பக்கத்து மின்கம்பத்தின் கீழே எல்லாம் முடியும் வரை நின்றிருந்துவிட்டுப் போனாள்.

நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன் என்று பன்னிரண்டு ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

சென்ற வாரம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. திருப்பி அனுப்புவதற்குள் என் மனைவி பிரித்துவிட்டாள். பிரித்ததோடு நில்லாமல் உரக்கப் படித்தும் விட்டாள்.

‘அண்ணா, வர்ற வெள்ளிக்கிழமை மகனோடு போகிறேன். அவன் வேலை பார்க்கும் தேசம் ரொம்ப தூரம். என் வயசுக்குத் திரும்பி வருவேன் என்று தோன்றவில்லை. அவரும் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. போறதுக்கு முன்னாடி அப்பா அறையில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். உட்கார மாட்டேன்.’

“உட்கார மாட்டாளாம்” என்றாள் மனைவி. “கேட்டீங்களா?”

நான் அன்றே பதில் எழுதினேன். கப்பல் சரக்கு அலுவலகத்தில் கடிதப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தவன். மறுப்புக் கடிதம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. நான்கு வரி. மரியாதைக்குக் குறைவில்லை. இடம் கொடுக்கும் சொல்லும் இல்லை. உறையில் போட்டு முகவரி எழுதி மனைவியிடம் நீட்டினேன்.

“தபால் பெட்டி தெரு முனையிலதானே இருக்கு. உங்க முதுகுதான் வளையாது, கால் நல்லா நடக்குமே. நீங்களே போடுங்க” என்றாள்.

சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அது பையிலேயே இருந்தது. மறதி என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டாம் பதிப்புக்குத் திருத்துநர். பெரிய வட்டக் கண்ணாடி. என் மனைவி உடனே ‘கண்ணாடிப் பொண்ணு’ என்று பெயர் வைத்துவிட்டாள். பழைய வாக்கியங்களை எடுத்துவிட்டுப் புதியவை போட வேண்டும் என்பது பதிப்பகத்தின் எண்ணம்.

“ஒரு வாக்கியத்தை எடுக்கணும்னாலும் முதல்ல அதோட அட்டையைப் பார்த்துட்டுதான் எடுக்கணும்” என்றேன்.

“பார்த்துடலாம் சார்.”

அப்பாவின் அறையைத் திறந்துவிட்டேன். பித்தளைக் கைப்பிடி போட்ட நீண்ட இழுப்பறைகள் நான்கு. அறுநூற்றுச் சொச்சம் அட்டைகள், அகர வரிசையில். அப்பா காலத்திலிருந்து அந்த வரிசை கலைந்ததே இல்லை. புதிதாக ஓர் அட்டை வந்தால் அதன் எழுத்துக்கு உரிய இடத்தில் செருகுவோம். வேறு எப்படி அடுக்குவது என்று எங்களில் யாரும் கனவில்கூட யோசித்ததில்லை.

மருந்துக் கடை, வங்கி என்று அலைந்துவிட்டு மதியத்துக்கு மேல் திரும்பினேன். அறைத் தரை தெரியவில்லை. நான்கு இழுப்பறைகளும் காலி. சுவரிலிருந்து சுவர் வரை அட்டைகள், வரிசை வரிசையாக. நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை மட்டும் விட்டு, அந்தப் பெண் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்க!” என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. “அறுபது வருஷ வரிசை!”

“சார், எது ரொம்ப பழசுன்னு தெரியணுமேன்னு தேதிப்படி வெச்சேன். திரும்ப அடுக்கிக் குடுத்துடுறேன் சார், சத்தியமா. ஆனா…” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “இந்த வரிசையில ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார். உங்க அப்பா கதையே எழுதி வெச்சிருக்காரு.”

“அது கதை இல்ல. எல்லாம் நடந்தது.”

“அதான் சார் கேக்குறேன். உங்க தங்கச்சி எந்த ஊர்ல இருக்காங்க?”

எனக்குத் தங்கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் என் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள். “நல்லாக் கேளும்மா” என்றாள். “அவரு பொய் சொல்ல மாட்டாரு.”

அட்டைகளுக்கு நடுவே விட்டிருந்த பாதையில் காலை வைத்தேன்.

முதல் வரிசைகளில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த குடை. அம்மாவின் காய்ச்சல். தங்கை முதல் முறை சைக்கிள் ஓட்டி வேலியில் விழுந்தது. அகர வரிசையில் இவை பொறுக்கிப் போட்ட பாசிமணிகள். தேதி வரிசையில் சரமாகக் கோத்துக்கொண்டு நின்றன. ஒவ்வோர் அடிக்கும் எங்கள் வீடு வயதாகிக்கொண்டே வந்தது. தங்கை போன மாதம் வந்தது. அந்த மாதத்தில் ஓர் அட்டைகூட இல்லை. அடுத்த மாதமும் இல்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை. அந்தப் பெண் அந்த இடத்தில் வெறும் தரையை விட்டிருந்தாள்.

அதற்கப்பால் ஓர் அட்டை. ‘பீன்’, ‘கான்’. நம் மொழியில் சொன்னால், ஒருவர் போய்த் திரும்பி வந்தாரா, போனவர் அங்கேயே இருக்கிறாரா என்கிற வித்தியாசம். வாக்கியங்களைத் தமிழில் தருகிறேன். ‘என் மகள் கடலோர ஊருக்குப் போய்விட்டாள்.’ அடுத்தது: ‘நான் என் மகள் வீட்டுக்குப் போய்வந்தேன்.’

தேதியைப் பார்த்தேன். அவள் போன நான்காம் மாதம்.

குனிந்து எடுக்க முயன்றேன். முதுகு வளையவில்லை, அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவின் கையெழுத்து. அப்பாவின் ‘ஏழு’, நடுவில் கோடு போட்ட ஏழு.

அடுத்த அட்டை ‘ஹியர்’, ‘லிஸன்’. ‘கப்பலின் சங்கு காதில் விழுந்தது. நான் குழந்தை பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.’ எங்கள் நகரத்தில் கடல் இல்லை. துறைமுகத்துக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் போக வேண்டும்.

அடுத்தது, நர்ஸ் ஒப்பித்த ‘பிஸைட்’, ‘பிஸைட்ஸ்’. ‘என் மகள் ஜன்னலுக்கு அருகே உட்கார்ந்து தைக்கிறாள். அவளைத் தவிர இந்தத் தெருவில் எனக்கு யாரையும் தெரியாது.’ எங்கள் தெருவில் அப்பாவுக்குத் தெரியாத நாய்கூடக் கிடையாது.

அடுத்து ‘பாரோ’, ‘லெண்ட்’. ‘ஒரு கிரேன் ஓட்டுநர் எனக்குக் குடை இரவல் தந்தார். இரவல் வாங்கிய குடையை இரண்டு மாதம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.’

“மஞ்சள் குடை” என்றாள் மனைவி, வாசலிலிருந்தே. “பெருசா, ரெண்டு பேர் நிக்கிற மாதிரி. மாமா கொண்டு வந்து கதவுக்குப் பின்னால வெச்சாரு. துறைமுகத்துல வேலை பார்க்குறவங்க பிடிக்கிற குடைன்னு நான்கூடச் சொன்னேன். ஞாபகம் இல்ல?”

ஞாபகம் இருந்தது. நானே ஒருநாள் மழையில் அதைப் பிடித்துக்கொண்டு அலுவலகம் போயிருக்கிறேன்.

அந்தப் பெண் மடிக்கணினியில் நாட்காட்டியைத் திறந்தாள். “சார், இந்த இடைவெளிக்கு அப்புறம் ‘மகள்’னு வர்ற அட்டை எல்லாமே சனிக்கிழமை. ரெண்டாவது சனிக்கிழமை.”

இரண்டாம் சனிக்கிழமைகளில் அப்பா பெரிய நூலகத்துக்கு அகராதி பார்க்கப் போவார். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். இருபத்திரண்டு ஆண்டுகள். ‘நூலகத்துக்குப் போறேன்’ என்று அவர் வாயால் ஒரு முறையாவது சொன்னாரா என்று நினைத்துப் பார்த்தேன். சொன்னதில்லை. ‘போய்ட்டு வரேன்’ என்பார். அகராதி பார்க்கத்தான் போகிறார் என்று முடிவு செய்தவன் நான்.

பதினோரு முறை. மனைவி ஒவ்வொரு வரியாகக் கமா, புள்ளி எல்லாம் சொல்லி உரக்கப் படிப்பாள். நான் மூலத்தில் விரல் வைத்துக்கொண்டு போவேன். இத்தனை வாக்கியங்களும் என் விரலின் கீழே பதினோரு முறை கடந்து போயிருக்கின்றன. நர்ஸுகளும் ஓட்டுநர்களும் இவற்றை மனப்பாடம் செய்து பிழைத்திருக்கிறார்கள். என் தங்கை எங்கே உட்கார்ந்து தைக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். நான் மெய்ப்புப் பார்த்தேன். படிக்கவில்லை.

ஆனால் உடனே உருகிவிடுகிற ஆள் அல்ல நான். எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டில் ஒன்று பொய். அப்பா போகவே இல்லை என்றால் புத்தகம் பொய், நடக்காததை எழுதியிருக்கிறார். போனார் என்றால், அன்று காலை தட்டுக்கு முன்னால் சொன்ன சொல் பொய். அதைக் காவல் காத்த என் முப்பத்துநாலு ஆண்டும் பொய். எது பொய் என்றாலும் குடும்பத்துக்குத்தான் இழுக்கு. எது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

புதன்கிழமை காலை முதல் பேருந்தைப் பிடித்தேன். சரிபார்க்கத்தான் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். “சரி, பாருங்க” என்றாள். தலை வாரும் சீப்பை என் பையில் போட்டாள்.

அந்த முகவரியை நான் நன்றாக அறிவேன். எத்தனை கடிதங்களில் அதையே எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நேரில் பார்ப்பது முதல் முறை. ஒடுக்கமான தெரு. இரும்புக் கடை, சலவைக் கடை, அதற்கு மேல் மாடியில் வீடு. படி ஏறும்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஹியர், லிஸன்.

கதவு திறந்திருந்தது. அறை பாதி காலி. பெட்டிகள் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. ஜன்னல் ஓரத்தில் தையல் இயந்திரம் மட்டும் கட்டாமல் இருந்தது. அதன் முன்னால் நரைத்த தலை ஒன்று குனிந்திருந்தது. ஒரு கணம் அம்மா என்று நினைத்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள். துணி மடியிலிருந்து நழுவியது.

“அண்ணா.”

என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “அப்பா இங்க வந்தாரா?” என்றேன். மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்த அண்ணன் கேட்கிற கேள்வி இது.

“வந்தாரு” என்றாள். “உட்காருங்க. அது அவர் நாற்காலிதான்.”

பிரம்பு நாற்காலி. கைப்பிடி தேய்ந்து வழவழப்பாக இருந்தது. நான் உட்காரவில்லை.

“எத்தனை தடவை?”

“எண்ணலையே. ஒரு தடவைகூட மழைன்னு நின்னதில்ல. வந்ததும் செருப்பைக் கழட்டுவாரு, பிள்ளையை மடியில வெச்சுப்பாரு, அட்டையை எடுத்து எழுத ஆரம்பிச்சுடுவாரு. ‘வாப்பா, சாப்பிடுப்பா’ன்னு நான் கத்துனா, ‘இரு, நீ கத்துனதை எழுதிக்கிறேன்’பாரு.” சிரித்தாள். பல் ஒன்று போயிருந்தது. சிரிப்பு அதே சிரிப்பு.

மூக்குக்கண்ணாடியை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டேன். கண்ணாடியோடு உறையும் வந்து தரையில் விழுந்தது. அவள்தான் குனிந்து எடுத்தாள். தன் பெயரைப் பார்த்தாள்; என் கையெழுத்தைப் பார்த்தாள்.

“எனக்கா?”

பொய் சொல்லும் வழக்கம் கிடையாதே. “உனக்குத்தான்.”

“படிக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றேன். “அது பழைய பதிப்பு.”

அவள் உறையை என்னிடமே கொடுத்தாள். பிறகு கட்டி வைத்திருந்த பெட்டி ஒன்றின் கயிற்றை அவிழ்த்து, அடியிலிருந்து பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்தாள். அதற்குள் ஒரே ஓர் அட்டை இருந்தது.

“இதை மட்டும் அவரு வீட்டுக்குக் கொண்டு போகலை. வர்றப்பல்லாம் கேட்டு வாங்கிப் பார்ப்பாரு. திரும்ப இங்கேயே வெச்சுட்டுப் போவாரு.”

மேலே இரண்டு சொற்கள். ‘சே’. ‘டெல்’.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

‘ஒரு நாள் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று என் மகனிடம் இன்னும் சொல்லவில்லை.’

வலது மூலையில் ஒரு தேதி, அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே இன்னொன்று, அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் முழுவதும் தேதிகள். பொடி எழுத்தில், மேலிருந்து கீழாக, பத்திக்கு அடுத்துப் பத்தி, விளிம்பு வரை. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய கோட்டால் அடித்து, அடுத்தது எழுதப்பட்டிருந்தது. எல்லாம் இரண்டாம் சனிக்கிழமைகள். ‘இன்னும் சொல்லவில்லை’ என்பது அந்த மாதமும் உண்மைதானா என்று பார்த்து, உண்மைதான் என்று தேதி போட்டிருக்கிறார். நடக்காததை எழுதாதே. நடக்காமல் போனதற்கு மாதாமாதம் சாட்சிக் கையெழுத்து.

கடைசித் தேதி மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது. அவர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு.

மலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மலை தெரியாது. கல்தான் தெரியும் என்பார்கள். எழுபத்தோரு வயதில், ஓர் அட்டையின் பின்பக்கத்தில், என் அப்பா எனக்கு முழு உருவமாகத் தெரிந்தார். எந்த அகராதியிலும் இல்லாத உயரம்.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்றேன். அப்பாவைக் கேட்டேனா, அவளைக் கேட்டேனா தெரியாது.

அவள்தான் பதில் சொன்னாள். “பயம்.”

“என்கிட்டயா?”

“உங்க மேல பயம் இல்லண்ணா. உங்களுக்காகப் பயம். ‘அவன் என் வார்த்தையைத் தலைமேல தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறான். நான் இறக்கிட்டேன்னு சொன்னா அவன் எங்க நிப்பான்’ம்பாரு. அடுத்த மாசம் சொல்லிடுறேன்பாரு. அடுத்த மாசம் வந்து தேதியை அடிப்பாரு.”

“கதவுகிட்ட நின்னப்போ நீ சொல்லியிருக்கலாமே. ஆரம்பிச்சியே.”

அவள் கீழே விழுந்த துணியை எடுத்து உதறினாள். “ஆரம்பிச்சேன். உங்க முகத்தைப் பார்த்தேன். அன்னிக்கு உங்களுக்கு அப்பாவும் போயிட்டாரு. அந்த ஒரு வார்த்தைதான் கையில மிச்சம் இருந்துச்சு. அதையும் நான் வந்து பிடுங்கணுமா?”

மின்கம்பத்தின் கீழே அவள் நின்ற நேரத்தின் கணக்கு எனக்கு இப்போதுதான் புரிந்தது. நான் குடும்ப மானத்தைக் காத்தேன் என்று நினைத்திருந்தேன். அப்பா இருபத்திரண்டு ஆண்டு என்னைக் காத்தார். அவர் விட்ட இடத்தில் இவள் பன்னிரண்டு ஆண்டு காத்தாள். இரண்டு பேரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

நான் எழுந்தேன். “கிளம்பு.”

“எங்க?”

“பத்து நிமிஷம் கேட்டியே.”

“தையல் ஒண்ணு பாதியில நிக்குதுண்ணா…”

“எடுத்துக்க. அங்கயும் ஜன்னல் இருக்கு.”

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வெளிக் கதவுக்கு முன்னால் அவள் கால் தானாக நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நின்ற அதே இடம். நான் கம்பியைப் பிடித்தேன். இந்த முறை திறப்பதற்கு. துருப்பிடித்த கீல் ஊரைக் கூட்டியது.

“வாடியம்மா” என்றாள் என் மனைவி உள்ளிருந்து. “உங்க அண்ணன்கிட்ட எண்ணெய் போடச் சொல்லி வருஷக்கணக்காச் சொல்றேன். கீலுக்கும் போடல, முதுகுக்கும் போடல.” சொல்லிக்கொண்டே வந்தவள் தங்கையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் விடவில்லை. நான் கதவைச் சாத்துவதில் கவனமாக இருந்தேன்.

அப்பாவின் அறையில் கண்ணாடிப் பெண் அட்டைகளைத் திரும்ப அகர வரிசையில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். “வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

“சார்?”

“இனிமே தேதி வரிசைதான். பன்னிரண்டாம் பதிப்புல ஒவ்வொரு வாக்கியத்துக்குக் கீழேயும் தேதி அச்சாகணும். புது வாக்கியம் ஒண்ணும் வேண்டாம். ஒரு ஜோடி மட்டும் சேரும்.” அட்டையை நீட்டினேன். அவள் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், இம்முறை துடைக்கவில்லை.

“இதை… எல்லாரும் படிப்பாங்களே சார்.”

“படிக்கட்டும். எங்க அப்பா எழுதினது. இதுல ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல.”

தங்கை அறை நடுவில் நின்றிருந்தாள். இழுப்பறைகளை, மேசையை, சுவரில் அப்பாவின் தலை பட்டுப் பட்டு எண்ணெய் படிந்த இடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்து நிமிடம் கடந்திருக்கும். உட்கார மாட்டேன் என்று எழுதியவள், எழுதியபடியே நின்றாள். எங்கள் குடும்பத்துப் பிடிவாதம்.

அப்பாவின் நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உட்காரு. வேலை இருக்கு” என்றேன். “மெய்ப்புப் பார்க்க ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் விரல் வைக்கணும். உன் அண்ணிக்குத் தொண்டை போயிடுச்சு.”

“எனக்கு எதுவும் போகல” என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “ஆமா, போயிடுச்சு” என்றாள். எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட பொய் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தங்கை உட்கார்ந்தாள். புதிய ஜோடியைக் கண்ணாடிப் பெண் அதற்குள் தட்டச்சு செய்து நீட்டிய தாளைக் கையில் எடுத்தாள். அப்பா படிக்கிற மாதிரியே, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தில் தொடங்கினாள். கமா என்றாள். புள்ளி என்றாள். நான் எதிரில் உட்கார்ந்து, அப்பாவின் அட்டையில் விரலை வைத்துக்கொண்டு வந்தேன். ‘என் மகனிடம்’ என்ற இடம் வந்தபோது எழுத்து அலைந்தது. பதினோரு பதிப்பில் ஒரு முறையும் நடக்காதது, வரியை விட்டுவிட்டேன்.

“திரும்பப் படி” என்றேன்.

அவள் முதலிலிருந்து படித்தாள்.